'சன்ரைஸ்' (1927): கொல்ல வந்தவனை அவள் எப்படி மன்னிக்கிறாள், அதைக் கெடுக்காமல் எப்படித் திரையிடுவது

எனக்கு வந்த கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஐம்பது பேர் உட்காரும் கூடத்தில் முர்னாவின் 'சன்ரைஸ்' படத்தைப் போட வேண்டும், எந்தப் பதிப்பை எடுப்பது, ப்ரொஜெக்டரை எப்படி வைப்பது என்பது ஒன்று. முன்கூட்டிப் பார்த்த சிலர், "காலையில் ஏரியில் தள்ளிக் கொல்லப் பார்க்கிறான், சாயங்காலம் அவனோடு கைகோத்து ஆடுகிறாள், அப்பட்டமான பதிபக்திப் படம், இதை எதற்குப் போட வேண்டும்?" என்கிறார்களாம். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பது இன்னொன்று.

இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அந்த மனைவி மன்னிப்பதை யாரும் வாயால் சொல்வதில்லை. அவள் எங்கே நிற்கிறாள், அவனுக்கும் அவளுக்கும் நடுவே எத்தனை அடி இடைவெளி, ஒரு துண்டு ரொட்டியை எடுக்க அவள் எவ்வளவு நேரம் தயங்குகிறாள் என்பதில்தான் அது நடக்கிறது. படத்தின் ஓரத்தை வெட்டியும் வேகத்தை மாற்றியும் போட்டால் முதலில் காணாமல் போவது இந்தச் சங்கதிகள்தான். மிச்சம் இருப்பது "கொல்லப் பார்த்தான், மன்னித்துவிட்டாள்" என்ற கதைச் சுருக்கம். அதைப் பார்த்துவிட்டு யாருக்கும் கோபம்தான் வரும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஜெர்மனியிலிருந்து ஹாலிவுட் தயாரிப்பாளர் வில்லியம் ஃபாக்ஸ் அழைத்துவந்த இயக்குநர் எஃப். டபிள்யூ. முர்னாவ் அமெரிக்காவில் எடுத்த முதல் படம் இது. திரைக்கதை கார்ல் மேயர். பாத்திரங்களுக்குப் பெயரே கிடையாது. ஆண், மனைவி, நகரத்துப் பெண், அவ்வளவுதான். ஜார்ஜ் ஓ'பிரையன், ஜேனட் கெய்னர், மார்கரெட் லிவிங்ஸ்டன். கோடை விடுமுறைக்குக் கிராமத்துக்கு வந்த நகரத்துப் பெண்ணின் மயக்கத்தில் விழுந்த விவசாயி, அவள் பேச்சைக் கேட்டு மனைவியைப் படகில் கூட்டிப்போய் மூழ்கடிக்கத் திட்டமிடுகிறான். நடு ஏரியில் மனம் உடைந்து நின்றுவிடுகிறான். அவள் தப்பி ஓடுகிறாள். அவன் பின்னாலேயே போகிறான். நகரத்தில் ஒரு பகல் கழிகிறது, திரும்பும்போது புயல். 1927 செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கில் முதல் காட்சி. 1929 மே 16 அன்று நடந்த முதல் ஆஸ்கர் விழாவில் மூன்று விருதுகள்: ஒளிப்பதிவு, நடிகை (கெய்னருக்கு இதையும் வேறு இரண்டு படங்களையும் சேர்த்து), அப்புறம் 'தனித்தன்மையும் கலைத்தன்மையும் கொண்ட படம்' என்ற விருது. அந்த மூன்றாவது வகையை மறு ஆண்டே எடுத்துவிட்டார்கள்.

இப்போது மனைவிக்கு வருவோம்.

படகில் அவன் எழுந்து நிற்கிறான். கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்குகின்றன, முதுகு வளைந்திருக்கிறது. ஓ'பிரையன் அப்படிக் கனத்து நடப்பதற்காகவே அவர் காலணிக்குள் ஈயக் கட்டிகள் வைத்தார் முர்னாவ். அவள் பின்னால் சாய்ந்து சாய்ந்து படகின் விளிம்பு வரை போய், இரண்டு கையையும் சேர்த்துக் கெஞ்சுகிறாள். அவன் முகத்தை மறைத்துக்கொண்டு, துடுப்பை எடுத்து வெறிபிடித்தவன்போல் கரைக்கு வலிக்கிறான். கரை தட்டியதும் அவள் காட்டுக்குள் ஓடி, எதிரே வரும் டிராமில் ஏறுகிறாள். அவனும் தாவி ஏறுகிறான். "என்னைக் கண்டு பயப்படாதே" என்று ஒரு டைட்டில் கார்டு (மௌனப் படத்தில் வசனத்தைத் திரையில் எழுத்தாகக் காட்டும் அட்டை).

இங்கிருந்து கவனியுங்கள். டிராமில் அவள் மூலையில் ஒடுங்கி நிற்கிறாள். ஜன்னலுக்கு வெளியே காடும் ஏரியும் வளைந்து வளைந்து விலகி, கட்டடங்கள் வரத் தொடங்குகின்றன. இரண்டு பேரும் எதையும் பார்ப்பதில்லை. நகரம் வந்ததும் அவள் இறங்கி வண்டிகளுக்கு நடுவே ஓட, அவன் இழுத்துக் காப்பாற்றுகிறான். அதுவும் அவளைத் தொடுவதுதான், அவள் அதற்கும் நடுங்குகிறாள். ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்காருகிறார்கள். தட்டை அவள் பக்கம் நகர்த்துகிறான். அவள் ஒரு துண்டை எடுக்கிறாள், வாய்க்குக் கொண்டுபோகப் பார்க்கிறாள், முடியாமல் அழுகிறாள். இதற்கு முன்னால், கிராமத்து வீட்டில், அவள் இரவுச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வரும்போது மேசை காலியாக இருந்தது; நகரத்துப் பெண் விசில் அடித்ததும் அவன் போய்விட்டிருந்தான். அவள் பரிமாறியதை அவன் தொடவில்லை, அவன் நீட்டுவதை அவளால் விழுங்க முடியவில்லை. இந்தக் கணக்கு நேராவதற்குப் படம் நிறைய நேரம் எடுத்துக்கொள்கிறது.

கடையை விட்டு வந்ததும் பூ வாங்கிக் கொடுக்கிறான். வாங்கிக்கொள்கிறாள், ஆனால் பூவுக்குள் முகம் புதைத்து அழுகிறாள். பூ வாங்கிக் கொடுத்ததும் சமாதானம் ஆவதுதான் சினிமா வழக்கம். இங்கே அந்தப் பூ வேலை செய்யவில்லை. மாதாகோயில் மணி கேட்கிறது, வேறு யாருடைய திருமணமோ நடக்கிறது. உள்ளே போய் ஓரத்தில் உட்காருகிறார்கள். இவளுக்கு எந்தத் தீங்கும் வராமல் காப்பாய், அன்பு செய்வாய் என்று பாதிரியார் அந்த மணமகனிடம் கேட்கும்போது இவன் உடைந்து, மனைவியின் மடியில் விழுந்து அழுகிறான். அவள் கை அவன் தலைமேல் வருவது அதற்குப் பிறகுதான். டிராம், ரோடு, ரொட்டி, பூ, மாதாகோயில் என ஐந்து படி. முதல் நான்கிலும் அவளைச் சம்மதிக்க வைக்க அவன்தான் முயல்கிறான், எதுவும் நடக்கவில்லை. ஐந்தாவதில் அவன் முயல்வதை நிறுத்திவிட்டு அழுகிறான்.

ஆகவே கேட்டவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: பதிபக்திப் படம் என்ற வகை நம்மிடமே இருந்தது. 1922இல் கல்கத்தா மதன் தியேட்டர்ஸ், ஜே. ஜே. மதன் இயக்கத்தில், பேஷன்ஸ் கூப்பரை வைத்து 'பதி பக்தி' என்ற பெயரிலேயே ஒரு மௌனப் படம் எடுத்தது. அந்த வகையில் மனைவியின் பக்தி முன்பே முடிவான ஒன்று. 'சன்ரைஸ்' படத்தில் அது நடு ஏரியில் அறுந்துபோகிறது. மறுபடி முடிச்சுப் போடும் பொறுப்பு புருஷன் தலையில் விழுகிறது. அதே சமயம் ஆட்சேபத்தில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மேயர் அவளுக்குப் பயத்தையும் துக்கத்தையும் கொடுத்தார், கோபத்தை ஒரு நொடிகூடக் கொடுக்கவில்லை. அந்தச் சப்பைத் தலைமுடி டோப்பா, இறுக்கிப் போட்ட கொண்டை, எல்லாம் சேர்ந்து முதல் பாதியில் அவளை ஒரு தேவாலயச் சிலைபோல ஆக்கிவிடுகின்றன. நகரத்துப் பெண்ணோ சிகரெட்டும் கறுப்பு உடையுமாக ஒரே வண்ணத்தில் தீட்டிய வில்லி. இதையெல்லாம் திரையிடலுக்குப் பிறகான பேச்சில் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

கதையின் மூலத்தைச் சொன்னால் பேச்சு இன்னும் சூடுபிடிக்கும். ஹெர்மன் சூடர்மன் 1917இல் வெளியிட்ட 'லிதுவேனியக் கதைகள்' தொகுப்பில் உள்ள 'டில்சிட் பயணம்' என்ற நெடுங்கதைதான் மூலம். (டில்சிட் இன்று ரஷ்யாவின் கலினின்கிராட் பகுதியில், சோவியத்ஸ்க் என்ற பெயரில் இருக்கிறது.) அதில் திரும்பும் வழியில் புருஷன் மூழ்கிப் போகிறான், மனைவி பிழைக்கிறாள். முர்னாவும் மேயரும் இருவரையும் பிழைக்க வைத்தார்கள். ஆனால் மூலக் கதையின் ஒரு பொருளை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்: கோரைக் கட்டு. மனைவியைக் கவிழ்த்துவிட்டு, தான் மிதந்து தப்பிப்பதற்காக அவன் கோரையை வெட்டிக் கட்டி ஒளித்து எடுத்துவருகிறான். புயலில் அதே கட்டை அவள் உடம்பில் கட்டிவிடுகிறான். பிறகு லாந்தரோடு தேடும்போது தண்ணீரில் பிரிந்து மிதக்கும் கோரைத் துண்டுகளைப் பார்த்துத்தான் அவள் செத்துவிட்டாள் என்று நினைக்கிறான். கொலைக்கான பொருள், காப்பாற்றும் பொருள், சாவுக்குச் சாட்சி, மூன்றும் ஒரு கட்டுக் கோரை. டைட்டில் கார்டு இல்லாமல் கதை சொல்வது என்றால் இதுதான்.

இனி எடுத்த விதம். சதுப்பு நிலத்தில் அவன் நகரத்துப் பெண்ணைத் தேடிப் போகும் ஷாட்டை முதல் தடவை பார்ப்பவர்கள் ஆடிப்போவார்கள். கேமரா அவன் முதுகுக்குப் பின்னால் போகிறது, அவன் வேலியைத் தாண்டுகிறான், கேமரா அவனை விட்டு விலகி, கிளைகளை விலக்கிக்கொண்டு அவனுக்கு முன்பே அவளிடம் போய்ச் சேர்கிறது. அந்தச் சதுப்பு நிலம் ஸ்டுடியோவுக்குள் போட்ட செட். தரையெல்லாம் சேறும் தண்ணீரும் என்பதால் தள்ளுவண்டி ஓடாது. மேலே தண்டவாளம் அமைத்து அதில் கேமராவைத் தொங்கவிட்டு நகர்த்தினார்கள். சார்லஸ் ரோஷர், கார்ல் ஸ்ட்ரஸ் இருவரும்தான் ஒளிப்பதிவாளர்கள்.

இரட்டைப் பதிவுகளும் அப்படித்தான். அந்தக் காலத்தில் இரண்டு படத்தை ஒன்றன்மேல் ஒன்று வைக்க, நெகடிவை ஒருமுறை ஓட்டிப் பதிவுசெய்து, கேமராவுக்குள்ளேயே பின்னோக்கிச் சுற்றி, அதே ஃப்ரேமிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் 8 ஃப்ரேம் என்று எண்ணிக்கொண்டே போவார்கள். எண்ணிக்கை தவறினாலோ, இரண்டாவது ஓட்டத்தில் வெளிச்சம் கூடிவிட்டாலோ, முதலில் எடுத்ததும் சேர்ந்து வீண். படுக்கையில் இருக்கும் அவனை நகரத்துப் பெண்ணின் பல உருவங்கள் நாலா பக்கமும் அணைத்துக்கொள்ளும் காட்சியைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நகரத்துத் தெரு பிரம்மாண்டமாகத் தெரிவதற்குக் காரணம், பின்னால் போகப் போகச் சின்னதாகக் கட்டியதுதான். கலை இயக்குநர் ரோகஸ் க்ளீஸெ உணவகத் தளத்தைச் சரிவாகப் போட்டார். முன்னால் பெரிய பல்பு, பின்னால் சின்ன பல்பு. தூரத்து மேசைகளில் குள்ளமான ஆட்களை உட்கார வைத்தார்கள். கிராமம் கலிஃபோர்னியாவின் ஏரோஹெட் ஏரிக்கரையில் கட்டியது. டிராம் ஓடுவதற்கு இந்தப் படத்துக்காகவே தண்டவாளம் போட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே ஓடுவது திரையில் காட்டிய பின்னணி இல்லை, நிஜமாகவே கடந்துபோகும் இடம். அந்த நிஜ வெளிச்சம் அவள் முகத்தில் மாறி மாறி விழுவதால்தான், அவள் அசையாமல் நின்றாலும் அந்தக் காட்சி உயிரோடு இருக்கிறது.

இப்போது பதிப்பு. மூல நெகடிவ் இன்று இல்லை. 1937 ஜூலை 9 அன்று நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபெரியில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் நைட்ரேட் ஃபிலிம் கிடங்கு எரிந்தபோது போனவற்றில் இதுவும் ஒன்று. எஞ்சியிருப்பவை இரண்டு வகை. ஒன்று மூவிடோன் பதிப்பு, சுமார் 95 நிமிடம். ஃபிலிமின் ஓரத்திலேயே ஹ்யூகோ ரீசன்ஃபெல்டின் இசையும் சில ஓசைகளும் பதிந்த பதிப்பு. மற்றது செக் நாட்டுக் காப்பகத்தில் கிடைத்த மௌனப் பதிப்பு, சுமார் 79 நிமிடம். இதில் பிம்பம் கூர்மையானது, ஆனால் காட்சிகள் சுருங்கியிருக்கின்றன. 'மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா' என்ற வரிசையில் வெளியான ப்ளூரேயில் இரண்டும் இருக்கின்றன. பொதுத் திரையிடலுக்கு மூவிடோன் பதிப்பையே எடுங்கள். செக் பதிப்பின் கூர்மை ஆசை காட்டும். அது இரண்டாவது தடவை பார்ப்பவர்களுக்கு. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் பதிப்புரிமை முடிந்து படம் பொதுச் சொத்தாகிவிட்டது. ஆனால் புதிதாகச் சேர்த்த இசைக்கும் சப்டைட்டிலுக்கும் தனி உரிமை இருக்கலாம், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூவிடோனில் ஒலித்தடம் ஒரு பக்க ஓரத்தை எடுத்துக்கொள்வதால் பிம்பம் கிட்டத்தட்டச் சதுரம்: அகலம் 1.20, உயரம் 1 என்ற விகிதம். பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. 1920×1080 ப்ரொஜெக்டரில் படம் 1296 பிக்சல் அகலம்தான் வர வேண்டும், இரண்டு பக்கமும் 312 பிக்சல் கறுப்பாக இருக்கும். பார்ப்பவர் யாராவது "பக்கத்தில் காலியாக இருக்கிறதே" என்று ரிமோட்டை எடுத்து ஜூம் பண்ணினால் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். டிராமில் அவள் நிற்கும் மூலையும் வெளியே ஓடும் காடும் ஒன்றாகத் தெரியாது. இழுத்து நிரப்பினால் எல்லோரும் ஒன்றரை மடங்கு குண்டாகிவிடுவார்கள். விகிதத்தை 1.33க்கு மாற்றிய கோப்புகள் இன்னும் ஏமாற்றும், வித்தியாசம் உடனே கண்ணுக்குப் படாது. வெட்டியிருந்தால் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு குறையும், இழுத்திருந்தால் அகலம் 11 சதவீதம் கூடும். கண்டுபிடிக்கச் சுலப வழி: சதுப்பு நிலக் காட்சியில் நிலா வரும்போது நிறுத்துங்கள். வட்டமாக இருந்தால் சரி, முட்டையாக இருந்தால் இழுத்திருக்கிறார்கள். கணினியில் விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் போடுவதாக இருந்தால் 'ஏ' விசை விகிதத்தையும் 'சி' விசை வெட்டையும் மாற்றும். இரண்டும் இயல்பு நிலையில் இருக்கட்டும்.

வேகம் வினாடிக்கு 24 ஃப்ரேம். "மௌனப் படம் என்றால் 18" என்று யாரோ சொல்லிக்கொடுத்த விதியைப் பிடித்துக்கொண்டு சிலர் மெதுவாக ஓட்டுவார்கள். படம் 127 நிமிடமாகி இழுக்கும். ஒலித்தடம் உள்ள படத்துக்கு அந்த விதி கிடையாது. 91 நிமிடம் என்று காட்டும் பழைய ஐரோப்பிய டிவிடிகள் 25 ஃப்ரேமில் ஓடுகின்றன, இசையின் சுருதி கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். பெரிய குற்றம் இல்லை, வேறு வழி இருந்தால் தவிர்க்கலாம். டிவியில் போடுவதாக இருந்தால் அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இரட்டைப் பதிவுகள் உள்ள இடமெல்லாம் அது பிசுபிசுத்துவிடும். பட முறை 'சினிமா' என்றிருக்கட்டும், 'டைனமிக்' வேண்டாம். சதுப்பு நிலமும் புயலும் இருட்டில் நடப்பவை, கறுப்புக்குள் உள்ள விவரம் அமுங்கிப்போகும்.

ஒலியைப் பற்றி ஒரு சோதனை. புயலுக்குப் பிறகு அவன் ஏரியில் மனைவியைக் கூப்பிடும் இடத்தில் குரல் வராது. அவன் வாய் அசையும்போது ஒரு ஹார்ன் ஊதும். அந்த இடத்தைப் போட்டுப் பாருங்கள். கடைசி வரிசையில் அந்த ஊதல் தெளிவாகக் கேட்க வேண்டும், முன்வரிசையில் காதைக் குத்தக் கூடாது. பழைய ஒலித்தடம், உயர் ஸ்வரங்களில் இரைச்சல்தான் அதிகம். ட்ரெபிளை ஏற்ற வேண்டாம். நேரடி இசை வைக்க ஆசைப்படுபவர்கள், மாதாகோயில் மணியையும் இந்த ஊதலையும் மட்டுமாவது நொடி பிசகாமல் வாசிக்க முடியுமா என்று முதலில் ஒத்திகை பார்த்துக்கொள்ளட்டும்.

தமிழ் சப்டைட்டில் போடுவதாக இருந்தால் வேலை குறைவு, கார்டுகள் கொஞ்சம்தான், படம் போகப் போக அதுவும் குறைந்துவிடும். மௌனப் படக் காலத்தில் நம் கொட்டகைகளில் கார்டை உரக்கப் படித்து விளக்கம் சொல்ல ஒருவர் நிற்பார். அந்த வழியையும் யோசிக்கலாம், ஆனால் விளக்கம் வேண்டாம், படிப்பது மட்டும் போதும். ஒரு கார்டை மட்டும் தொடாதீர்கள். "அவள் மூழ்கிப் போகக் கூடாதா?" என்று நகரத்துப் பெண் கேட்கும் கார்டில் எழுத்துகளே கரைந்து கீழே மூழ்கும். அதன்மேல் சப்டைட்டில் வந்தால் எல்லாம் பாழ். தமிழை இரண்டு நொடி முன்னால், முந்தைய ஷாட்டின் அடியில் போட்டுவிட்டு, கார்டு வரும்போது எடுத்துவிடுங்கள்.

இடைவேளை வேண்டாம். 95 நிமிடம் தாங்கும். கட்டாயம் விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் மாதாகோயிலுக்கு முன் எங்கும் நிறுத்தாதீர்கள். டீ குடித்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த ஐந்து படி ஏறாது. இருவரும் கோயிலை விட்டு வெளியே வந்து, வண்டிகளுக்கு நடுவே தன்னை மறந்து நடந்து, சுற்றியிருக்கும் தெரு புல்வெளியாக மாறி, முத்தமிட்டு, ஹார்ன் சத்தத்தில் விழித்துக்கொள்ளும் இடம் வரும். அதற்குப் பிறகு விடலாம். அடுத்து வரும் சவரக் கடை, புகைப்படக்காரர், பன்றி துரத்தல் எல்லாம் இலகுவான பகுதி (பன்றி கொஞ்சம் நீளம்தான்), திரும்பி வந்து உட்கார ஏற்றது.

கடைசிக் காட்சியில் லைட் போடும் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவளைக் காப்பாற்றிக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தியிருப்பார்கள், பொழுது விடியும். படம் முழுக்க இறுக்கிக் கட்டியிருந்த கொண்டை அவிழ்ந்து, தலையணையில் முடி பரவியிருக்கும். அவள் கண் திறந்து அவனைப் பார்ப்பாள். முடிந்துவிட்டது என்று நினைத்து சுவிட்சைத் தட்டத் தோன்றுகிற இடம் அது. திரையில் சூரியன் ஏறி முடியும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள்.